மிச்சம் பிடிப்பது எதிலிருந்து? சென்னைப் பயணமும் தங்கும் அறையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

நம் ஊர்களிலிருந்து சென்னைக்குச் செல்வோரில் உல்லாசத்திற்காகச் செல்பவர்கள் குறைவு. தாயாரின் கண்ணுக்கு மருத்துவம், தந்தையின் இதயத்திற்குப் பரிசோதனை, மகனின் விசா, மகளின் கல்லூரிச் சேர்க்கை என்று ஏதேனும் ஒரு தேவையே நம்மை அங்கே இழுத்துச் செல்கிறது. கையில் அளவான பணமும் நெஞ்சில் அளவற்ற கவலையும் கொண்டு செல்லும் பயணங்கள் அவை. அத்தகைய பயணத்தில் சிக்கனம் தேவையே. வீண்விரயத்தை மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அந்தச் சிக்கனத்தை எதிலிருந்து எடுக்கிறோம் என்பதை நாம் சிந்திப்பதில்லை. இக்கட்டுரையின் பேசுபொருள் அதுவே.

எங்கள் சொந்த அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் உம்மாவின் முழங்கால் மருத்துவத்திற்காக நாங்கள் இருவரும், உம்மாவும், எட்டு வயது மகளும் சென்னை சென்றோம். மூன்று நாள் வேலை. கைப்பேசியில் தேடியபோது 900 ரூபாய்க்கு ஓர் அறை கண்ணில் பட்டது. மருத்துவமனைக்கு அருகிலேயே நால்வர் தங்கக்கூடிய அறை ஒன்றும் இருந்தது. அதன் வாடகை 1,500. நாளொன்றுக்கு 600 ரூபாய் மிச்சம் என்று மனம் கணக்கிட்டது. மலிவான அறையையே பதிவு செய்தோம்.

இரவு ரயில் அதிகாலையில் எங்களை இறக்கிவிட்டது. விடுதியை அடைந்தபோது மணி ஐந்தரை. அங்கே நாள் கணக்கு நண்பகல் 12 மணிக்குத்தான் தொடங்குமாம். முன்கூட்டியே அறை வேண்டுமானால் அரை நாள் வாடகை 450 ரூபாய் தர வேண்டும் என்றார்கள். முழங்கால் வலியோடு இரவெல்லாம் பயணம் செய்த உம்மாவை வரவேற்பறை நாற்காலியில் ஆறு மணி நேரம் அமர்த்தி வைக்க மனம் வரவில்லை, கொடுத்தோம். அறையோ மூன்றாம் மாடியில். மின்தூக்கி இல்லை. முழங்காலுக்கு மருத்துவம் பார்க்க வந்தவரை மூன்று மாடி ஏற்றினோம். மருத்துவமனைக்குச் சென்றுவர ஆட்டோவுக்கு ஒரு நடைக்கு 250 வீதம் நாளொன்றுக்கு 500 ரூபாய் ஆயிற்று.

இவற்றையெல்லாம் விடக் கசப்பானது வேறொன்று. பதிவேட்டில் எழுதும்போது குழந்தையின் வயதைக் கேட்டார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்டால் நாளொன்றுக்கு 150 ரூபாய் கூடுதல். நாங்கள் தயங்காமல் "அஞ்சு வயசு" என்று சொல்லிவிட்டோம். மாடிப்படி ஏறும்போது மகள் கேட்டாள்: "வாப்பா, எனக்கு எட்டு வயசுதானே?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஃபஜ்ருத் தொழுகையில் நின்றபோதும் அந்தக் குரல் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. அன்று மாலை மேலாளரிடம் சென்று உண்மையைச் சொல்லி மூன்று நாளுக்குரிய 450 ரூபாயைச் செலுத்தினோம். அவர் வியப்போடு பார்த்தார், வேறொன்றும் சொல்லவில்லை. மகளையும் உடன் அழைத்துச் சென்றிருந்தோம். அவள் கேட்டது எங்கள் வாயிலிருந்து வந்த பொய். அதைத் திருத்துவதையும் அவளே காண வேண்டும் என்று கருதினோம்.

ஊர் திரும்பியபின் கணக்குப் பார்த்தோம். அறை வாடகை 2,700, அரை நாள் 450, குழந்தைக்கு 450, ஆட்டோ 1,500. ஆக மொத்தம் 5,100 ரூபாய். மருத்துவமனைக்கு அருகிலிருந்த அறையில் தங்கியிருந்தால் 4,500தான். உம்மாவுக்கு மாடிப்படியும் இல்லை. எங்கள் நாவுக்குப் பொய்யும் இல்லை. 600 ரூபாய் நட்டத்தில் நாங்கள் பெற்ற பாடம் இது.

ஆகவே முதலாவதாகச் சொல்ல விரும்புவது: அறையின் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள், பயணம் முழுவதன் செலவைப் பாருங்கள். விடுதியின் நாள் கணக்கு 24 மணி நேரமா, நண்பகல் முதல் நண்பகல் வரையா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். எழும்பூர், திருவல்லிக்கேணி பகுதிகளில் உள்ள பழைய லாட்ஜுகள் சிலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. அதிகாலையில் வந்திறங்கும் நம்மைப் போன்றோருக்கு அதுவே இலாபம். சொல்லும் வாடகையில் வரி அடங்குமா என்றும் கேளுங்கள். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. பழைய விழுக்காட்டைச் சொல்லிக் கேட்டால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு பகற்பொழுது வேலைக்காக வருபவருக்கு விடுதியே தேவையில்லை. சென்ட்ரல், எழும்பூர் ரயில் நிலையங்களில் ஓய்வறைகள் உள்ளன. உறுதியான பயணச்சீட்டு உள்ளவர்கள் அதன் எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்யலாம். குளித்து, உடை மாற்றி, தொழுதுவிட்டு வேலைக்குப் புறப்பட அது போதும்.

தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, எங்கே வேலையோ அங்கிருந்து தொடங்குங்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு வருவோருக்குப் பெரியமேடும் எழும்பூரும் அருகில். குழந்தைகள் நல மருத்துவமனையும் அரசு கண் மருத்துவமனையும் எழும்பூரிலேயே உள்ளன. கஸ்தூர்பா காந்தி மகப்பேறு மருத்துவமனை திருவல்லிக்கேணியில் உள்ளது. 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசலும் அப்பகுதியிலேயே இருப்பதால் ஜமாஅத் தொழுகைக்கும் ஹலால் உணவுக்கும் அலைய வேண்டியதில்லை. மண்ணடியும் அத்தகையதே, அங்கே மெட்ரோ நிலையமும் இருக்கிறது.

வேலை தொலைவில் என்றால், மெட்ரோ நிலையத்திற்கு நடந்து செல்லும் தொலைவில் அறை எடுங்கள். மெட்ரோவில் எவ்வளவு தொலைவு சென்றாலும் ஒருவருக்கு 50 ரூபாய்க்கு மேல் இல்லை. புறநகர் மின்தொடர் வண்டி அதைவிடவும் மலிவு. மாநகரின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. தென் மாவட்ட ரயில்கள் பல தாம்பரத்தில் நிற்கின்றன. நகரின் தென்பகுதியில் வேலை உள்ளவர் எழும்பூர் வரை சென்று திரும்பிவர வேண்டிய தேவையில்லை. பேருந்தில் வருவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்ட பின், தென் மாவட்டப் பேருந்துகளின் பயணம் நகரின் எல்லைக்கு வெளியே முடிந்துவிடுகிறது. பேருந்துக் கட்டணத்தோடு அங்கிருந்து நகருக்குள் வரும் செலவையும் சேர்த்தே ரயிலோடு ஒப்பிட வேண்டும்.

ரயிலைப் பொறுத்தவரை திட்டமிடுபவருக்கே சிக்கனம் கைகூடும். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. மருத்துவர் அடுத்த சந்திப்புக்குத் தேதி கொடுத்த அன்றே பயணச்சீட்டு எடுப்பவர் சாதாரணக் கட்டணத்தில் செல்கிறார். கடைசி நாள்வரை காத்திருப்பவர் தட்கலுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார். உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் அந்தப் பணமும் திரும்பாது.

நம்மில் பலர் அறியாத சலுகை ஒன்றும் உண்டு. மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டபின், எல்லாச் சலுகைகளும் போய்விட்டன என்று எண்ணிவிட்டோம். நோயாளிகளுக்கான சலுகைகள் நிறுத்தப்படவில்லை. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குச் செல்பவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி. இதய அறுவை சிகிச்சைக்கும், சிறுநீரக மாற்று சிகிச்சைக்கும், டயாலிசிஸுக்கும் செல்வோருக்கும் அவ்வகுப்புகளில் 75 விழுக்காடு உண்டு. மருத்துவமனையிடம் உரிய படிவத்தில் சான்றிதழ் பெற்று முன்பதிவு நிலையத்தில் காட்ட வேண்டும். பொய் சொல்லி 150 ரூபாயை மிச்சம் பிடிக்கும் நாம், உரிமையாக வரும் ஆயிரங்களைக் கேட்டுப் பெறாமல் விட்டுவிடுகிறோமே, இது என்ன கணக்கு?

குழந்தைகளின் பயணச்சீட்டிலும் இதே சோதனை காத்திருக்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் ரயிலில் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரை தனிப் படுக்கை இல்லையெனில் அரைக் கட்டணம். படுக்கை வேண்டுமெனில் முழுக் கட்டணம். ஏழு வயதுப் பிள்ளையை நான்கு வயதாக்கி அழைத்துச் செல்வதை நம்மில் பலர் சாமர்த்தியம் என்று பேசிக்கொள்கிறோம். இருவர் அறையில் ஐவரை ஒளித்துவைப்பதும் அத்தகைய சாமர்த்தியமே. அரசின் பணமோ, பெரிய விடுதியின் பணமோதானே என்று மனம் சமாதானம் சொல்லும். பிறர் உரிமை பெரியவருடையதாயினும் சிறியவருடையதாயினும் பிறர் உரிமையே. அதிலும், பயணியின் துஆ ஏற்கப்படும் துஆக்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் வழியாக அறிந்திருக்கிறோம். நோயாளிக்காகக் கையேந்தப் போகும் பயணத்தைப் பொய்யோடு தொடங்கலாமா?

மற்றொரு சிக்கனத்தையும் பேசியாக வேண்டும். அது உறவினர் வீடு. சென்னையில் மச்சான் இருக்கிறார், மாமி இருக்கிறார் என்று முன்னறிவிப்பின்றிப் போய் இறங்குகிறோம். விருந்தோம்பல் நம் மரபு. விருந்தினருக்கு மூன்று நாள் உரிமை உண்டு என்பதும் நபிமொழி. வீட்டாரைச் சங்கடத்திற்கு உள்ளாக்கும் அளவுக்குத் தங்கிவிடக் கூடாது என்பதும் அதே நபிமொழியின் தொடர்ச்சி. ஓர் அறை வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தில் நால்வர் சென்று பத்து நாள் தங்கினால், நாம் மிச்சம் பிடித்த பணத்தை அவர்கள் செலவழிக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் தன் வீட்டிலேயே பர்தாவோடு நடமாட வேண்டியிருக்கிறது. அவர் வாய்திறந்து சொல்லமாட்டார். நாம்தாம் உணர வேண்டும்.

அதற்காக, கடன் வாங்கி நட்சத்திர விடுதியில் தங்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஊரார் பார்வைக்காகப் பெரிய விடுதியின் வாசலில் படமெடுத்து அனுப்புவதும் விரயமே. சுத்தமான கழிப்பறை, தடையில்லாத தண்ணீர், உட்புறம் உறுதியாகத் தாழிடும் கதவு, முதியவருக்குத் தரைத்தளம் அல்லது மின்தூக்கி, தொழுகை விரிப்பு விரிக்க ஓர் இடம் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். இவை ஆடம்பரங்கள் அல்ல. அவற்றிற்கு அப்பால் உள்ளவற்றை விட்டுவிடலாம். இந்த ஐந்தை விட்டுக் கிடைக்கும் மிச்சம், நம் வீட்டுப் பெண்களின் நிம்மதியிலிருந்தும் முதியவர்களின் உடம்பிலிருந்தும் எடுத்த மிச்சம்.

இறுதியாக, இது தனிமனிதர்களின் கணக்கு மட்டுமன்று. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைக் குர்ஆன் ஒன்பதாம் அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் பட்டியலிடும்போது வழிப்போக்கரையும் சேர்த்தே சொல்கிறது. நம் முன்னோர் அதனை உணர்ந்தே முஸாஃபிர்கானாக்களைக் கட்டினர். இன்று நம் ஜமாஅத்துகள் குளிரூட்டப்பட்ட திருமண மண்டபங்களைக் கட்டுகின்றன. அவற்றில் ஆண்டுக்குச் சில பத்து நாட்களே விளக்கெரிகிறது. ஒவ்வோர் ஊர் மஹல்லாவும் சென்னையில் மருத்துவமனைகளுக்கு அருகே இரண்டே அறைகளை ஆண்டு வாடகைக்கு எடுத்து, மருத்துவத்திற்கு வரும் ஏழைக் குடும்பங்களுக்கு முறைவைத்து வழங்கினால் என்ன? வசதியுள்ளவர் வாடகை தரட்டும். இல்லாதவருக்கு ஜகாத்திலிருந்து ஈடுசெய்யலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யலாம். சென்னையில் வாழும் ஊர்க்காரர்கள் சாவியைப் பொறுப்பேற்றாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அப்படி ஓர் அறை இருந்திருந்தால், மூன்றாம் மாடி ஏறிய எங்கள் உம்மா மூச்சு வாங்கியிருக்கமாட்டார் என்பது ஒருபுறம். எங்களுக்காவது 5,100 ரூபாய் கொடுக்க முடிந்தது. அதுவும் இல்லாமல் மருத்துவமனை வளாகத்தில் துணியை விரித்துப் படுத்திருந்த குடும்பங்களை அந்த மூன்று நாளும் கடந்துதான் சென்றோம். அவர்களுள் நம் ஊர்க்காரரும் இருந்திருக்கலாம். நாங்கள் நின்று கேட்கவில்லை.

நம் பயணங்களை எளிதாக்கவும், நம் நாவுகளை உண்மையில் நிலைக்கச் செய்யவும், வழிப்போக்கருக்கு வாசல் திறக்கும் மனத்தை நமக்கு வழங்கவும் அல்லாஹ் போதுமானவன். ஆமீன்.