தூதர் அமைச்சரானார், கோப்பு ஏன் உறங்கிற்று?

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன், 1949-இல் இந்தோனேசியாவுக்கு இந்தியத் தூதராகச் சென்றார். திரும்பி வந்தவர், 1957-இல் திருச்செங்கோட்டு மக்களிடம் வாக்குக் கேட்டு, வென்று, நாடாளுமன்றம் புகுந்தார். 1959-இல் மத்திய அமைச்சரானார்.

அவருக்கு மாலை சூட்டுவது நம் வேலையன்று. காங்கிரசுக்காரர், 1938-இல் கட்டாய இந்தியைப் புகுத்திய இராஜாஜி அமைச்சரவையில் கல்வி இலாகாவையே வகித்தவர். ஆயினும், கேர் தலைமையிலான ஆட்சிமொழி ஆணையம் 1956-இல் அறிக்கை தந்தபோது, வங்கத்துச் சுனிதி குமார் சட்டர்ஜியைப் போலவே, இந்தி ஏற்பாட்டை மறுத்துத் தனிக் குறிப்பெழுதினார். டில்லி அமர்த்திய ஆணையத்தில் அமர்ந்துகொண்டே டில்லிக்கு மறுப்பெழுதினாரே, அந்த ஒன்றுக்காக அவரை நினைக்கலாம்.

தோழர்களே, அந்த அளவுகோலோடு இன்னொரு தூதரைப் பாருங்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜெய்சங்கர், 1977-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர். 1988 முதல் 1990 வரை கொழும்பில் பணியாற்றியவர். சீனத்திலும் அமெரிக்காவிலும் தூதர். 2015 முதல் மூன்றாண்டு வெளியுறவுச் செயலாளர். 2019 மே 30-இல் வெளியுறவு அமைச்சரே ஆனார். மக்களிடம் வாக்குக் கேட்டா? இல்லை, குஜராத்திலிருந்து மாநிலங்களவை வழியாக!

திறமையை யார் மறுத்தார்? திறமை எவருக்கு உழைத்தது என்பதே வழக்கு.

2024 ஏப்ரல் 1. தமிழகம் வாக்களிக்கப் பதினெட்டே நாள். அன்று செய்தியாளரைக் கூட்டிக் கச்சத்தீவுக் கோப்பை விரித்தார் அமைச்சர். இருபதாண்டுகளில் 6184 மீனவர்களை இலங்கை சிறைப்பிடித்தது, 1175 படகுகளைப் பறித்தது என்று அவரே கணக்கும் வாசித்தார்.

1974-இல் கொடுத்தவர் குற்றவாளி என்றே வைத்துக்கொள்வோம். அந்த இருபதாண்டில் மூன்றாண்டு செயலாளர் நாற்காலியிலும், ஏறத்தாழ ஐந்தாண்டு அமைச்சர் நாற்காலியிலும் வீற்றிருந்தவர் யார்? கோப்பு அப்போது எந்த அலமாரியில் உறங்கிற்று? தேர்தல் முரசு கேட்டதும் அதை எழுப்பியது யார்?

கடலே காணாத சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று இதைக் கேட்பானேன் என்பாருமுண்டு. கடலே காணாத குமாரமங்கலத்திலிருந்துதான் ஒருவர் கடல் கடந்து தூது போனார்!

இன்னுமொன்று. 2014-இல் இதே பா.ஜ.க. அரசின் அட்டர்னி ஜெனரல் உச்சநீதிமன்றத்தில் சொன்னார்: கச்சத்தீவை மீட்கவேண்டுமானால் போர்தான் தொடுக்க வேண்டும் என்று. அப்படியானால், ஏப்ரல் 1-இல் அமைச்சர் கோப்பை விரித்தது இராமேசுவரத்து மீனவனுக்காகவா, ஏப்ரல் 19-இன் வாக்குப்பெட்டிக்காகவா?