பத்தாயிரம் மணியும் ஒரு ‘கோ அரவுண்ட்’டும்

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலை கேட்டுப் போனால் முதலில் வரும் கேள்வி ‘எக்ஸ்பீரியன்ஸ் எவ்வளவு?’ என்பதுதான். லேத் முன்னால் நிற்கப்போகிறவரிடம் அது நியாயமான கேள்வி. அதே அளவுகோலை விமானிக்கும் வைத்துவிடுகிறோம். இந்தியாவில் 200 மணி நேரம் பறந்தாலே வணிக விமானி உரிமம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டால், வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பாலக்காட்டு வீடுகளில் வயிற்றில் புளி கரைகிறது. அமெரிக்காவில் பயணிகள் விமானம் ஓட்ட 1,500 மணி வேண்டுமாமே என்ற ஒப்பீடும் கூடவே வருகிறது. மணி ஏற ஏறப் பத்திரமும் ஏறும் என்ற இந்த நம்பிக்கைக்கு, நம் பக்கத்திலேயே நடந்த இரண்டு விபத்துகளில் ஆதாரம் இல்லை.

2020 ஆகஸ்ட் 7 இரவு, கரிப்பூர் விமான நிலையத்தில் மழை. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒருமுறை இறங்க முயன்று, முடியாமல் மேலேறி, ஓடுதளத்தின் மறுமுனையிலிருந்து பின்காற்றோடு மீண்டும் இறங்கியது. சக்கரம் தரை தொட்டபோது 2,700 மீட்டரில் பாதி போயிருந்தது. குன்றின் விளிம்பு தாண்டிச் சரிந்து உடைந்ததில் 21 பேர் இறந்தனர். கேப்டன் 10,000 மணிக்கு மேல் பறந்தவர், விமானப்படையில் சோதனை விமானியாகவே இருந்தவர். துணை விமானியின் கணக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ‘கோ அரவுண்ட்’, அதாவது இறங்க வேண்டாம், மேலே ஏறுங்கள் என்று சொன்னது அவர்தான். விதியை மீறி இறங்கியதை மட்டுமல்ல, கட்டுப்பாட்டைத் துணை விமானி தன் கைக்கு எடுக்காததையும் விசாரணை அறிக்கை காரணமாகக் குறித்தது. 2010 மே 22 அன்று 158 உயிர்களைப் பறித்த மங்களூர் விபத்திலும் இதே கதை: 10,000 மணி கடந்த கேப்டன், திரும்பத் திரும்ப எச்சரித்த துணை விமானி.

பெரும்பாலான விமானங்களை அனுபவசாலிகள்தான் ஓட்டுகிறார்கள், ஆகவே விபத்திலும் அவர்கள் இருப்பார்கள், இரண்டு விபத்து எதை நிரூபிக்கும் என்று கேட்கலாம். சரியான கேள்வி. அனுபவம் ஆபத்து என்று நான் சொல்லவில்லை. கேப்டன் இருக்கைக்கு அது வேண்டும். புதிதாகச் சேர்பவர் உட்காருவதோ துணை விமானியின் வலப்பக்க இருக்கையில். அங்கே வாசலிலேயே 1,500 கேட்பதால் என்ன கிடைக்கிறது? அந்த விதிக்கு வித்திட்ட, அமெரிக்காவின் 2009 பஃபலோ விமான விபத்தில் இரு விமானிகளுமே 1,500-ஐத் தாண்டியவர்கள். ராணுவ விமானிக்கு 750, விமானவியல் பட்டதாரிக்கு 1,000 என்று அமெரிக்காவே தளர்த்தியிருக்கிறது. எண்ணைவிடப் பயிற்சியின் தரம் முக்கியம் என்று ஒப்புக்கொண்டதுபோலத்தான். எண்ணிக்கையை நிரப்ப ஒற்றை இன்ஜின் செஸ்னா விமானத்தில் ஒரே மைதானத்தைச் சுற்றிச்சுற்றி வருபவருக்கு, இருவர் சேர்ந்து ஜெட் ஓட்டும் பழக்கம் எங்கிருந்து வரும்?

புது விமானிகளிடம் லட்சக்கணக்கில் பயிற்சிக் கட்டணம் வாங்கும் கம்பெனிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் கணக்கு வேறு. தேர்வு கடுமையாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் சிமுலேட்டருக்குள். மழை, பின்காற்று, சீனியர் கேப்டன் வேண்டுமென்றே உயரமாக, வேகமாக இறங்குகிறார். இருமுறை சொல்லியும் கேட்கவில்லை. அப்போது அந்த 200 மணிக்காரர் ‘ஐ ஹாவ் கன்ட்ரோல்’ என்று கையை நீட்டுகிறாரா, அல்லது ‘சார்’ என்று இழுக்கிறாரா என்று பார்த்து வேலை கொடுக்கட்டும்.