ஆயாவின் அன்பும் அவள் கூலியும்

"எங்கள் வீட்டு ஆயா வேலைக்காரியல்ல, எங்கள் குடும்பத்தில் ஒருத்தி" என்று கனவான்களும் சீமாட்டிகளும் பெருமையோடு சொல்லிக்கொள்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். குடும்பத்தில் ஒருத்தி என்றால் சொத்தில் பங்கு உண்டா என்று கேட்டால் பதில் கிடையாது. பங்கு வேண்டாம், கிழவியான பின் உட்கார்ந்து சாப்பிட ஒரு மூலையாவது உண்டா என்றால் அதற்கும் பதில் கிடையாது. பிள்ளை நடுநிசியில் காய்ச்சலால் அழும்போது அவள் குடும்பத்தில் ஒருத்தி. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது கூலிக்காரி. இன்னும் சில வீடுகளில் அவள் கை பிள்ளையின் வாயில் படலாம். தண்ணீர்க் குடத்தில் மாத்திரம் படக்கூடாது!

ஆயாவையே கேட்டால் அவள் முதலில் சம்பளத்தைப் பற்றிப் பேசமாட்டாள் என்பதும் வாஸ்தவமே. பெரியவன் எப்போது நடந்தான், சின்னவள் எதைத் தின்னமாட்டேனென்று துப்பினாள் என்றுதான் சொல்லுவாள். பெற்றவளுக்கு மறந்துபோனதெல்லாம் வளர்த்தவளுக்கு நினைவிருக்கும். அந்த அன்பு பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. அது மெய்யாயிருப்பதனாலேயே, அதைக் காட்டி அவளை ஏய்ப்பது சுலபமாயிருக்கிறது என்பதுதான் நமது வாதம்.

நம் ஊர்ச் சங்கதியைச் சொன்னால், ஏதோ ஒரு வீட்டில் நடந்தது என்று தள்ளிவிடுவார்கள். ஆகையால் சீமையில் உலகறிந்த ஒரு பிரபு வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறோம்.

வின்ஸ்டன் சர்ச்சில் பெயரைக் கேட்டவுடன் தோழர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். 1943-ம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தை நினைக்கிறவர்கள் சுளிப்பதில் குற்றமுமில்லை. ஆனால் நாம் பேச வந்தது அவரைத் தூக்கி வளர்த்த எலிசபெத் எவரெஸ்ட் என்னும் அம்மையாரைப் பற்றியே. 1875-ல், வின்ஸ்டன் கைக்குழந்தையாயிருக்கையில், இவ்வம்மையார் அவ்வீட்டில் வேலைக்கமர்ந்தார். கலியாணமே ஆகாதவர், ஆனாலும் பெரிய வீட்டுத் தாதிகளை 'மிஸஸ்' என்று மரியாதையாக அழைப்பது அந்நாட்டு வழக்கமாகையால் மிஸஸ் எவரெஸ்ட் ஆனார். (புருஷனில்லாமலே ஒரு பெண்ணுக்கு மரியாதை கொடுக்கலாம் என்பதை நம் வைதீகர்கள் கவனிப்பார்களாக.) தகப்பனாருக்கு அரசியல், தாயாருக்கு விருந்தும் கேளிக்கையும். பிள்ளையின் வயிறும் அழுகையும் எவரெஸ்ட் அம்மையார் பாடு.

அதற்கு முன் அவர் கம்பர்லாந்து ஜில்லாவில் ஒரு பாதிரியாரின் மகளை வளர்த்தவர். 'எல்லா' என்பது அச்சிறுமியின் பெயர். அவளுக்குப் பிடித்த பண்டம் எது, அவள் எப்படிப் பிரார்த்தனை செய்வாள், என்னென்ன குறும்பு செய்வாள் என்றெல்லாம் அம்மையார் வின்ஸ்டனிடம் சொல்லிக்கொண்டேயிருப்பார். கண்ணால் பாராத அப்பெண் தம் பிள்ளைப் பிராயத்தில் ஓர் இடம் பிடித்துக்கொண்டாள் என்று சர்ச்சில் 1930-ல் வெளியிட்ட தமது இளமை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

பதினெட்டு வருஷம் போயிற்று. 1893-ல் வின்ஸ்டன் ராணுவக் கல்லூரிக்குப் போய்விட்டார், தம்பியும் வளர்ந்துவிட்டான். குடும்பத்திலோ பணமுடை. சிக்கனம் என்றதும் அப்பிரபுக்களின் கண்ணில் பட்டது எது? விருந்தா? குதிரையா? கிழவியின் சம்பளம்! ஏறக்குறைய அறுபது வயதில் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி அவரை அனுப்பிவிட்டார்கள். இது கொடுமை, அற்பத்தனம் என்று மகன் தாயாருக்குக் கடிதம் எழுதியும் பலிக்கவில்லை. தன் கைச்செலவுப் பணத்தில் கொஞ்சம் அவருக்கு அனுப்பிவந்தார். ஆக, பதினெட்டு வருஷ உழைப்புக்குப் பாத்தியதையாக அந்த அம்மையாருக்கு மிஞ்சியது ஒரு வாலிபனுடைய நல்ல மனது மாத்திரமே. அவனும் மற்றவர்களைப் போல் மறந்திருந்தால் அதுவும் இல்லை.

1895 ஜூலையில் அம்மையார் லண்டனில் சாகக் கிடந்தார். வின்ஸ்டன் அப்போது இருபது வயது ராணுவ உத்தியோகஸ்தர். மழையில் நனைந்தபடி வந்து நின்றார். அம்மையார் தம் சாவைப் பற்றிப் பேசவில்லை. வந்தவரின் மேலங்கி ஈரமாயிருப்பதைக் கையால் தடவிப் பார்த்துப் பதறினார். அதைக் கழற்றி உலர்த்திய பிறகே அமைதியானார். சம்பளத்தை நிறுத்தி இரண்டு வருஷமாகியும் அவர் வேலையை நிறுத்தவில்லை!

அடக்கத்துக்குக் கம்பர்லாந்துப் பாதிரியாருக்குத் தந்தி போயிற்று. அவர் அவ்வளவு தூரத்திலிருந்து வந்தார். அதற்காக அவரைப் பாராட்டவேண்டும். எல்லா வரவில்லை. அப்பெண்ணின்மீது நமக்குக் கோபமில்லை. ஏறக்குறைய இருபது வருஷங் கழித்து, தன்னைத் தூக்கினவளின் முகம் எந்தக் குழந்தைக்கு ஞாபகமிருக்கும்? சகோதரர் இருவரும் கல்லறைக்குக் கல் வைத்தார்கள்.

கல்லைவிடப் பெரிய காரியம் பிறகு நடந்தது. 1908-ல் பிரிட்டனில் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது. எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. நாதியற்ற கிழவிகளை நினைக்கும்போது, பென்ஷன், இன்ஷ்யூரன்ஸ் ஏற்பாடுகளில் தமக்கும் பங்கிருந்ததில் சந்தோஷமென்று எவரெஸ்ட் அம்மையாரின் மரணத்தைச் சொல்லுமிடத்திலேயே சர்ச்சில் எழுதுகிறார். அம்மையார் உயிரோடிருந்தால் அவ்வருஷம் அவருக்கு எழுபத்தைந்து வயது.

சொந்த நாட்டில் வெள்ளைக்காரிக்கு நடந்தது இது. அதே காலத்தில் துரைமார் குழந்தைகளோடு கப்பலேறிய நம் நாட்டு ஆயாக்களின் கதியோ இன்னும் மோசம். திருப்பி அனுப்புகிறோமென்று அழைத்துப்போய், கரை சேர்ந்ததும் கைவிட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் தங்குவதற்கென்றே லண்டன் ஹாக்னி பகுதியில் கிங் எட்வர்ட் ரோட்டில் 1900 முதல் ஒரு விடுதியைப் பாதிரிச் சங்கத்தார் நடத்தினார்கள். 2022-ல் அவ்வீட்டுச் சுவரில் ஞாபகப் பலகை பதித்தார்கள். அந்தப் பெண்களும் எத்தனையோ பிள்ளைகளின் குறும்பைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். ஆனால் பல கப்பல் ஜாபிதாக்களில் துரைசானியின் பெயருக்குப் பக்கத்தில் 'ஆயா' என்று மாத்திரமே இருக்கிறது.

இவை பழங்கதை என்று யாரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம். வீட்டு வேலை செய்கிறவர்களும் தொழிலாளிகளே, அவர்களுக்கு வார ஓய்வு முதலிய உரிமைகள் வேண்டுமென்று 2011-ல் ஜினீவாவில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஓர் ஒப்பந்தம் செய்தது. இந்தியா அதை ஆதரித்து ஓட்டுப் போட்டது. நாமறிந்தவரை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. சர்க்கார் செய்கிறபோது செய்யட்டும். அதுவரையில், 'எங்கள் ஆயா குடும்பத்தில் ஒருத்தி' என்று யாராவது சொல்ல வந்தால், அவளுக்கு வாரத்தில் எந்தக் கிழமை லீவு, கிழவியான பின் மாதம் எவ்வளவு கொடுப்பதாக உத்தேசம் என்ற இரண்டை மாத்திரம் தோழர்கள் கேட்டுப் பார்க்கட்டும்.