நைட்ராக்ஸ் தரும் மிச்சம்

கடலடியிலிருந்து மேலேறும்போது உடலுக்குள் நைட்ரஜன் குமிழிகள் உண்டாவதால் வரும் அழுத்தத் தளர்வு நோய்க்கு ஸ்கூபா முக்குளிப்பவர்கள் வழங்கும் பெயர் ‘பெண்ட்ஸ்’. இந்நோய்க்கு ஒருமுறை ஆளாகிச் சிகிச்சை பெற்றுத் தேறியவர் மீண்டும் கடலில் இறங்க விரும்பும்போது, நைட்ராக்ஸ் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுமாறு உடன் முக்குளிப்பவர்கள் அவருக்கு யோசனை சொல்வது வழக்கம். சாதாரணக் காற்றில் உள்ளதைவிட ஆக்சிஜன் கூடுதலாகவும் நைட்ரஜன் குறைவாகவும் இருக்கும்படி சேர்க்கப்பட்ட கலவையே நைட்ராக்ஸ் என்பதால் இந்த யோசனையில் நியாயம் இருக்கிறது. எனினும் சான்றிதழைக் கையில் வாங்கியதாலேயே நோய் விலகி நிற்கும் என்று எண்ணுவது தவறு. கலவை தரும் மிச்சத்தை முக்குளிப்பவர் எதற்குச் செலவிடுகிறார் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது.

நீரில் இறங்கும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 30 மீட்டர் ஆழத்தில் இருப்பவர் நான்கு வளிமண்டல அழுத்தத்தில் மூச்சு விடுகிறார். ஒரு திரவத்தின்மீது வாயுவின் அழுத்தம் கூடக்கூட அத்திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும் என்ற ஹென்றி விதிப்படி, அந்த ஆழத்தில் நைட்ரஜன் இரத்தத்தில் மிகுதியாகக் கரைகிறது. ஆக்சிஜனை உடல் செலவழித்துவிடுகிறது. நைட்ரஜனுக்கு உடலில் எந்த வேலையும் இல்லாததால் அது கொழுப்பிலும் தண்டுவடத்திலும் மூட்டுகளைச் சுற்றியுள்ள திசுக்களிலும் சேர்ந்துகொண்டே போகிறது. மெல்ல மேலேறினால் அது நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். நெடுநேரம் தங்கியபின் விரைந்து ஏறினால் வெளியேற அவகாசமின்றிக் குமிழிகளாகி, நரம்பை அழுத்தவோ இரத்த ஓட்டத்தைத் தடுக்கவோ செய்யும்.

அழுத்தம் குறைக்கப்பட்ட கலத்தில் வைக்கப்பட்ட விரியன் பாம்பின் கண்ணில் குமிழி ஒன்று அசைவதை இராபர்ட் பாயில் 1670இலேயே கண்டு எழுதிவைத்தார் என்றாலும், மனிதர்களைத் தாக்கும் நோயாக இது அறியப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆற்றுப் படுகையில் அழுத்தப்பட்ட காற்று நிரப்பிய அடித்தளப் பெட்டிகளுக்குள் தொழிலாளர்கள் இறங்கி வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான். செயின்ட் லூயிஸ் நகரின் ஈட்ஸ் பாலத்திலும் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்திலும் தொழிலாளர்கள் வலி தாளாமல் உடலை வளைத்து நடந்ததிலிருந்தே பெண்ட்ஸ் என்ற பெயர் வந்தது. புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் இந்நோயால் முடங்கியபின், அவருடைய மனைவி எமிலி ரோப்ளிங் அவருக்கும் கட்டுமானத் தளத்துக்கும் இடையே நின்று, 1883இல் பாலம் திறக்கப்படும்வரை பணியைக் கொண்டுசெலுத்தினார். குமிழிகளுக்குக் காரணம் நைட்ரஜன் என்று பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் 1878இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் செய்த சோதனைகளின் அடிப்படையில், கட்டம் கட்டமாக நின்று மேலேறும் முறையையும் அதற்கான அட்டவணைகளையும் 1908இல் தம் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்டார். இன்று மணிக்கட்டில் கட்டப்படும் டைவ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை அவர் போட்ட கணக்கின் வழிவந்தவையே.

இந்த அட்டவணைகளும் கம்ப்யூட்டர்களும் கணக்கிடுவது கற்பிதமான ஓர் உடலை; நீரில் இறங்குபவருடைய உடலை அல்ல. நீரிழப்பு, குளிர், ஆழத்தில் செய்த கடும் உழைப்பு, வயது எனப் பலவும் குமிழிகளின் போக்கை மாற்றுவதால், எல்லா விதிகளையும் பின்பற்றியவருக்கும் இந்நோய் வரக்கூடும். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நோய் வந்தால் பிழை செய்தவர் என்ற பெயர் வந்துவிடும் என்ற கூச்சமே பலரை வாய் மூடவைக்கிறது. தோளில் தோன்றும் ஆழ்ந்த வலியைச் சிலிண்டர் தூக்கியதால் வந்த பிடிப்பு என்றும், விரல்களில் ஏறும் மதமதப்பை இறுக்கமான உடையால் வந்தது என்றும், வயிற்றிலும் தொடையிலும் பளிங்குக்கல்லின் வரிபோலப் படரும் செந்நீலத் திட்டுகளை ஏதோ ஒவ்வாமை என்றும் அவர்கள் தமக்குள் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சமாதானத்தில் கழியும் மணிநேரங்களே சிகிச்சையின் பலனைக் குறைக்கின்றன. படகிலேயே தூய ஆக்சிஜன் கொடுப்பது முதலுதவி. அதன்பின் உயரழுத்த அறையில், பெரும்பாலும் 18 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தில் தொடங்கி ஏறத்தாழ ஐந்து மணிநேரம் ஆக்சிஜன் சுவாசிக்கவைக்கும் அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் அட்டவணைப்படி, மருத்துவம் நடைபெறுகிறது.

தேறியவர் முதலில் போக வேண்டியது பயிற்சி நிலையத்துக்கு அன்று, முக்குளிப்பு மருத்துவம் அறிந்த மருத்துவரிடமே. வலி மட்டும் இருந்து முற்றும் நீங்கியவர் குறைந்தது இரண்டு வாரமும், லேசான நரம்பியல் அறிகுறிகள் இருந்து நீங்கியவர் ஆறு வாரமும் நீரில் இறங்காதிருக்க வேண்டும் என்பதும், கடுமையான நரம்பியல் பாதிப்பு நேர்ந்தவரும் குறை எஞ்சியவரும் மீண்டும் இறங்கவே கூடாது என்பதும் பொழுதுபோக்கு முக்குளிப்பில் நெடுநாள் வழங்கிவரும் நெறிகள். மருத்துவர் விசாரிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கருவிலிருக்கும் குழந்தையின் இதயத்தில் வல, இட மேலறைகளுக்கு இடையே இருக்கும் திறப்பு பிறந்தபின் மூடிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவருக்கு அது முழுமையாக மூடுவதில்லை. பெரும்பாலோருக்கு இதனால் வாழ்நாள் முழுதும் எந்தத் தொல்லையும் இராது. ஆனால் நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய குமிழிகள் அத்திறப்பு வழியாக இரத்தத்தின் தமனிப் பக்கத்துக்குத் தாவிவிட்டால் மூளையையும் தண்டுவடத்தையும் உட்காதையையும் தோலையும் தாக்கக்கூடும். ஆகவே விதி மீறாமலே இத்தகைய நோய் வந்தவருக்கு, நுண்குமிழிகள் கலந்த உப்புநீரைச் சிரையில் ஏற்றி இதயத்தை எக்கோ கருவியால் பார்க்கும் சோதனை செய்யப்படுகிறது. திறப்பு இருப்பது தெரிந்தால் முக்குளிப்பை விட்டுவிடுவது, திறப்பை அடைத்துக்கொள்வது, நைட்ரஜன் சுமை குறையும்படி அடக்கமாக முக்குளிப்பது ஆகிய வழிகளைப் பற்றி மருத்துவருடன் பேசி முடிவெடுக்கலாம். நைட்ராக்ஸ் இவற்றுள் கடைசி வழிக்கு உரிய கருவி.

அதன் கணக்கு எளியது. 30 மீட்டரில் காற்றைச் சுவாசிப்பவருக்கு நைட்ரஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அந்த ஒரு வாயுவின் பங்கு, நான்கில் 79 சதவீதமாகிய 3.16. அதே ஆழத்தில் 32 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸைச் சுவாசிப்பவருக்கு அது 2.72. காற்றைச் சுவாசித்தபடி 24 மீட்டரில் இருந்திருந்தால் உடல் எவ்வளவு நைட்ரஜனைச் சந்தித்திருக்குமோ, ஏறத்தாழ அவ்வளவையே நைட்ராக்ஸுடன் 30 மீட்டரில் சந்திக்கிறது என்பது இதன் பொருள். இந்த 24 மீட்டரே ‘காற்றுக்கு நிகரான ஆழம்’ எனப்படுகிறது. பரவலாகப் புழங்கும் பொழுதுபோக்கு அட்டவணை ஒன்றில், 30 மீட்டரில் இடைநிறுத்தமின்றி மேலேறக்கூடிய கால எல்லை காற்றுக்கு 20 நிமிடம், 32 சதவீத நைட்ராக்ஸுக்கு ஏறத்தாழ 30 நிமிடம்.

அந்தப் பத்து நிமிடமே இங்கே மிச்சம் என்று சொல்லப்படுவது. அதை இருமுறை செலவிட முடியாது. நைட்ராக்ஸ் விற்கப்படும் இடங்களில் பெரும்பாலும் அது கூடுதல் நேரமாகவே விளம்பரப்படுத்தப்படுகிறது. முப்பது நிமிடமும் கீழேயே இருந்து கழிப்பவர், தம் உடலில் ஏறத்தாழ காற்றுக்காரருடைய எல்லையளவு நைட்ரஜனையே ஏற்றிக்கொண்டு வருவதால், நோய்த் தடுப்பில் அவர் ஈட்டியது மிகக் குறைவு. நோய்ப்பட்டுத் தேறியவரோ நைட்ராக்ஸைச் சுவாசித்தும் காற்றுக்குரிய 20 நிமிட எல்லைக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே, மேலேறத் தொடங்குவதே அறிவு. சிலிண்டரில் நைட்ராக்ஸ் இருக்க, கம்ப்யூட்டரைக் காற்றுக்கு அமைத்துக்கொண்டு முக்குளிக்கும் பழக்கம் இந்த நோக்கத்தில் தோன்றியது. கம்ப்யூட்டரை நைட்ராக்ஸுக்கே அமைத்து, அதிலுள்ள எச்சரிக்கை அளவைக் கூட்டிவைப்பது இன்னும் நல்லது. காற்றுக்கு அமைந்த கம்ப்யூட்டர் ஆக்சிஜனின் உண்மை அளவை அறியாது என்பதே காரணம்.

ஆக்சிஜனை அப்படி அறியாமல் விட முடியாது. மிகை அழுத்தத்தில் ஆக்சிஜன் நரம்பு மண்டலத்துக்கு நஞ்சு என்பதையும் பால் பெர்தான் காட்டினார். பார்வை சுருங்குதல், காதில் இரைச்சல், குமட்டல், உதடு துடித்தல், தலைசுற்றல் ஆகியவை முன்னறிகுறிகளாக வரலாம். எதுவுமே வராமல் நேரே வலிப்பும் வரலாம். நிலத்தில் வலிப்பு கண்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்; நீருக்கடியில் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவிவிட்டால் மூழ்கி இறப்பார். இதற்காகவே ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 வளிமண்டலத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு பின்பற்றப்படுகிறது. அதன்படி 32 சதவீதக் கலவையுடன் 33 மீட்டருக்குக் கீழும், 36 சதவீதக் கலவையுடன் 28 மீட்டருக்குக் கீழும் போகக் கூடாது. நைட்ராக்ஸ் என்றாலே இன்னும் ஆழமாகப் போகலாம் என்ற பொதுக் கருத்து உண்மைக்கு நேர்மாறானது. நைட்ரஜன் எல்லையை மீறியவருக்கு மேலேறும் வழியில் நின்று சரிசெய்துகொள்ள இடம் உண்டு. ஆக்சிஜன் எல்லையை மீறியவருக்கு அந்த அவகாசம் கிடைக்காமலே போகலாம்.

அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பான நோவாவில் மார்கன் வெல்ஸ் 1970களில் அறிவியல் முக்குளிப்புக்கென வகுத்த முறையை, அங்கிருந்து ஓய்வு பெற்ற டிக் ருட்கோவ்ஸ்கி 1985இல் தனி அமைப்பு தொடங்கிப் பொதுமக்களுக்குக் கற்பிக்க முற்பட்டபோது, நைட்ராக்ஸைப் ‘பேய் வாயு’ என்று பழித்தவர்கள் துறைக்குள்ளேயே இருந்தார்கள். ஏறத்தாழப் பத்தாண்டுகளில் பெரும் பயிற்சி அமைப்புகள் அதை ஏற்றன. பயிற்சியின் உயிர்நாடி ஏட்டுப் பாடம் அன்று. கலவையைத் தானே அளந்து பார்க்கும் சிறு வேலைதான். ஆக்சிஜன் அளவியை முதலில் வெறும் காற்றில் காட்டி 20.9 என்று நிற்கும்படி திருகிச் சரிசெய்து, சிலிண்டரின் வால்வை மெல்லிய சீறல் கேட்குமளவு மட்டும் திறந்து, அந்த ஓட்டத்தை உணரியின்மீது விட வேண்டும். திரையில் எண்கள் 25, 29, 31 என்று ஏறி, 31.8இல் தயங்கி அசையாமல் நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு பிசின் நாடாவில் சதவீதம், இறங்கத்தக்க ஆழம், தேதி, தன் கையெழுத்து ஆகியவற்றை எழுதிச் சிலிண்டரின் தோளில் ஒட்டி, பதிவேட்டிலும் கையெழுத்திட வேண்டும். சிலிண்டரை நிரப்பியவர் எவ்வளவு நம்பகமானவராயினும், அதைச் சுவாசிக்கப்போகிறவரே இதைச் செய்ய வேண்டும் என்ற விதிக்கு விலக்கு இல்லை.

நைட்ராக்ஸ் தொடாத அபாயங்களும் உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து ஏறுபவருடைய நுரையீரல் கிழிந்து காற்று தமனிக்குள் புகுவதை எந்தக் கலவையும் தடுக்காது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறுவது, 5 மீட்டரில் மூன்று நிமிடமாவது நிற்பது, தண்ணீர் போதிய அளவு குடிப்பது, முக்குளித்த பின் கடும் உடற்பயிற்சியைத் தவிர்ப்பது ஆகியவை எப்போதும் போலவே தொடர வேண்டும். ஒரு முறை முக்குளித்தவர் 12 மணிநேரமும், பல முறையோ பல நாட்களோ முக்குளித்தவர் 18 மணிநேரமும் கழியாமல் விமானம் ஏறக் கூடாது என்பதற்கும் நைட்ராக்ஸ் சலுகை தருவதில்லை.

இவ்வளவு பாதுகாப்பும் பொழுதுபோக்குக்காகக் கடலில் இறங்குவோருக்கே வாய்த்திருக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இலங்கையின் வடகடலில் சங்கும் கடலட்டையும் எடுக்கச் சிலிண்டர் கட்டி ஒரே நாளில் பலமுறை இறங்கும் தொழிலாளர்களின் உடலிலும் இதே நைட்ரஜன்தான் சேர்கிறது; அவர்களிடமும் ஹால்டேனின் அட்டவணை போய்ச் சேர வேண்டும்.

ஒருமுறை நோய்ப்பட்டவர் மருத்துவரின் அனுமதியோடும் நைட்ராக்ஸ் பயிற்சியோடும் கடலுக்குத் திரும்புவதில் தவறில்லை. மேலேறிய சில மணிநேரத்தில் மூட்டில் வலியோ, கையில் மதமதப்போ, காரணமில்லாத அயர்வோ தோன்றுமானால், சுவாசித்தது நைட்ராக்ஸ்தானே என்று எண்ணிக் காத்திராமல், உடனே உடனிருப்பவரிடம் சொல்லி ஆக்சிஜன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.