கடலுக்கடியில் ஒரு புலப்படம்

“பார்வையிடப்பட்டது. நல்ல நிலையில் உள்ளது.”

வேலையில் இருந்த காலத்தில் இந்த ஒரு வரியை எத்தனை கோப்புகளில் பார்த்து, எண் போட்டுக் கட்டி வைத்திருப்பேன் என்று கணக்கில்லை. மதகு, பாலம், தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் அதே வரிதான். எந்தப் பக்கம் பார்த்தார், விரிசல் எத்தனை அங்குலம் என்று கேட்டால் கோப்பில் பதில் இருக்காது. அப்படிக் கையெழுத்தான ஒரு மதகு அடுத்த மழையிலேயே அடித்துக்கொண்டு போயிற்று. கோப்பு மட்டும் நல்ல நிலையில் இருந்தது.

தரையில் இருப்பதற்கே இந்தக் கதி என்றால், கடலுக்கடியில் இருப்பதற்கு?

2023 மார்ச் தொடக்கத்தில் நாகூரை அடுத்த பட்டினச்சேரி கடலோரத்தில், சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷனின் குழாயில் கசிவு ஏற்பட்டுக் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஓட்டையை அடைத்தால் போதாது, குழாயையே எடுத்துவிடுங்கள் என்றார்கள். இதைப் பிடிவாதம் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீருக்கடியில் இருப்பதை அவர்கள் பார்க்க முடியாது. பார்த்தேன் என்று சொல்பவரை நம்பித்தான் தீர வேண்டும். அந்த நம்பிக்கை ஒருமுறை போய்விட்டால், சரி செய்துவிட்டோம் என்ற வார்த்தைக்கு என்ன மதிப்பு?

படத்திலிருந்தே அளவெடுக்கும் முறை ஒன்று உண்டு. ஃபோட்டோகிராமெட்ரி என்பார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை. 19-ம் நூற்றாண்டின் நடுவில், புகைப்படங்களை வைத்து நிலவரைபடம் தயாரித்துக் காட்டியவர் எமே லோஸ்தா என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி. ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்பவர் 1858-ல் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளக்க ஏறி, மேலிருந்து விழத் தெரிந்து தப்பினார். உயிரைப் பணயம் வைத்துக் கட்டடத்தை அளப்பதற்குப் பதில், அதன் படத்தை அளந்தால் என்ன என்று யோசித்தார். சிதம்பரம் கோபுரத்தில் சாரம் கட்டி ஏறுபவர்களை அண்ணாந்து பார்த்த நமக்கு அந்தப் பயம் நன்றாகவே புரியும்.

முறை எளிது. ஒரு பொருளைச் சுற்றி வந்து நிறையப் படம் எடுக்க வேண்டும். ஒரு படத்தில் வந்ததில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் வர வேண்டும். ஒரே புள்ளி பல கோணங்களில் தெரிவதால், அது எங்கே இருக்கிறது என்று கணினி கணக்கிட்டுவிடும். நம் இரண்டு கண்களும் சேர்ந்து தூரத்தை அறிவது போலத்தான். நீளம் தெரிந்த ஒரு கோலைப் பக்கத்தில் வைத்து எடுத்தால், மற்ற அளவெல்லாம் வந்துவிடும்.

கடலில் இதை டைவரோ, கயிறு கட்டி இறக்கிய இயந்திரமோ செய்யலாம். குழாய் எங்கே நசுங்கியது, எவ்வளவு ஆழம் என்பதைக் கரையில் மேசையில் உட்கார்ந்து அளக்கலாம். அதற்குப் பொருந்தும் கவ்வியைக் கரையிலேயே செய்து கொண்டுபோய் மாட்டலாம். அளவு தவறிப்போய் டைவரை மறுபடி மறுபடி இறக்க வேண்டியதில்லை. ஆழத்திலிருந்து அவசரமாக ஏறினால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழியாகி ஆளையே முடக்கிவிடும். அதனால் இது பண மிச்சம் மட்டுமல்ல.

ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளாறும் கொள்ளிடமும் செந்நீராகக் கடலில் இறங்கும்போது கேமரா என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். கலங்கிய நீரில் ஒலியால் பார்க்கும் சோனார்தான் உதவும். மண்ணில் புதைந்த குழாயையோ, உள்பக்கம் அரித்த துருவையோ படம் காட்டாது. ஆனால் நீர் தெளியும் நாட்களும் உண்டு. மீனவரைக் கேட்டால் சொல்வார். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் கரையில் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி ஒரு புயல் கடலடி மண்ணையும் வாரி வேறிடத்தில் போடும். நேற்றுவரை புதைந்திருந்த குழாய் இன்று அந்தரத்தில் நிற்கும். புயலுக்கு முந்தைய படம் இருந்தால்தான் எது மாறியது என்று சொல்ல முடியும்.

ஆகவே என் கருத்து இதுதான். கடலூர் சிப்காட்டின் கழிவுநீர்க் குழாய் உட்பட, நம் கரையிலிருந்து கடலுக்குள் போகும் ஒவ்வொரு குழாயையும் ஆண்டுக்கொரு முறையும், ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இப்படிப் பதிவு செய்ய வேண்டும். பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 6,000 மீட்டர் ஆழத்துக்கென்றே ஆளில்லா இயந்திரம் செய்திருக்கிறது. கரையோரக் குழாய் அவர்களுக்கு எம்மாத்திரம்?

அதைவிட முக்கியம், அந்தப் பதிவு நிறுவனத்தின் பீரோவில் தூங்கக் கூடாது. ஒரு நகல் மீனவப் பஞ்சாயத்துக்கும், இன்னொன்று பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்துக்கும் போக வேண்டும். வயலுக்குப் புலப்படம் இருக்கிறது. பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டினால் சர்வேயர் அதை வைத்து அளந்து காட்டுகிறார். விவசாயிக்குக் கிடைக்கும் அந்த நகல், கடலை நம்பிப் பிழைப்பவருக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது?

பாதுகாப்புக் காரணம் என்பார்கள். குழாய் எங்கே போகிறது என்று வலை போடுகிறவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது, அது எப்படி இருக்கிறது என்பதுதான்.

படத்தைப் பார்த்த பிறகும், குழாய் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று அவர்கள் சொல்லலாம். அது அவர்கள் உரிமை. ஆனால் அன்று இரண்டு தரப்பும் ஒரே காகிதத்தைப் பார்த்துப் பேசும். “நல்ல நிலையில் உள்ளது” என்று எழுதுகிறவரும் எந்தத் தேதி, எந்தப் படம், என்ன அளவு என்று பக்கத்திலேயே எழுதியாக வேண்டும். நான் கட்டி வைத்த கோப்புகளில் இல்லாமல் போனது அதுதான்.