ஏரியைக் கெடுத்தது ஊரார்தானா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஏரியைப் பற்றிப் பேச்செடுத்தால் சீக்கிரமே ஒரு தீர்ப்பு வந்துவிடும். "ஊர்ச் சொத்துன்னா எவனுக்கும் அக்கறை இருக்காது சார். ஆளாளுக்குக் கரையை வெட்டுவான், உள்வாயில ஏர் ஓட்டுவான். அதிகாரிங்க கையில இருந்தாத்தான் மிஞ்சும்." டீக்கடையில் கேட்கும் இந்தத் தீர்ப்பை, கொஞ்சம் இஸ்திரி போட்ட மொழியில், கருத்தரங்குகளிலும் கேட்கலாம்.

கருத்தரங்குக்காரர்களுக்குத் துணை சூழலியலாளர் காரெட் ஹார்டின். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைக் கூடுதலாக ஓட்டிவிடுவார்கள், கடைசியில் யாருக்கும் புல் இருக்காது என்று 1968-இல் 'சயன்ஸ்' இதழில் அவர் எழுதினார். அந்த மேய்ச்சல் நிலம் அவருடைய கற்பனை. கேட்பாரற்றுக் கிடக்கும் பொதுநிலத்துக்குத்தான் அது பொருந்தும் என்று 1994-இல் அவரே திருத்திக்கொண்டார். திருத்தத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அரசியல் அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் கற்பனைக்குப் போகவில்லை. சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல், ஜப்பானின் ஊர்க்காடுகள், ஸ்பெயினின் வாய்க்கால்கள், பிலிப்பைன்ஸின் பாசனச் சங்கங்கள் என்று நடப்பில் உள்ளவற்றை எடுத்துப் பார்த்தார். யாருக்குப் பங்கு, எவ்வளவு எடுக்கலாம், மீறினால் என்ன அபராதம் என்பதை அனுபவிப்பவர்களே வகுத்து, அவர்களே கண்காணித்த இடங்களில் வளம் நூற்றாண்டுக் கணக்கில் நின்றிருந்தது. இதை 1990-இல் நூலாக எழுதிய அவருக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

நம் ஏரிகளில் இந்த விதிகள் ஏட்டில் இருந்ததைவிட ஆளிடம்தான் அதிகம் இருந்தன. அந்த ஆளை நீர்க்கட்டி என்பார்கள், சில ஊர்களில் கம்புகட்டி. மதகைத் திறக்கவும் மூடவும் அவர் ஒருவருக்குத்தான் பாத்தியதை. தண்ணீர் தாராளமாக இருக்கும்வரை பாய்ச்சல் அதன் போக்கில் நடக்கும். மட்டம் இறங்கியதும் முறை வைத்துவிடுவார். யார் கழனிக்கு எத்தனை நாழி என்று அவர் சொன்னதுதான் கணக்கு. பெரிய காணிக்காரர் ராத்திரியில் மடையைத் திருப்பினால் காலையில் ஊர்க்கூட்டத்தில் நிற்க வேண்டும். கதவு கசிந்தால் களிமண்ணும் வைக்கோலும் திணித்து அடைப்பார். அடைமழை இரவில் மிகைநீர் வழியும் கலங்கலில் நிற்பதும் அவர்தான். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே காணிக்கு இவ்வளவு என்று நெல் அளந்துவிடுவார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போகாவிட்டால் அந்தக் களத்தில் அவருக்கு நெல் கிடையாது. எந்தத் துறையின் சம்பளப் பட்டியலிலும் இப்படி ஒரு நிபந்தனை இல்லை.

இதை யார் கலைத்தார்கள்? வரியை முழுக்க வழித்துக்கொண்ட கம்பெனி ஆட்சி, மராமத்தை மட்டும் ஊர் தலையில் வைத்தது. ஆள் வராதபோது 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு ஏரியே கூறுபோடப்பட்டது. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, இருந்தவை பொதுப்பணித் துறைக்கும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் போயின. நிலம் வருவாய்த் துறைக்கு, மண் கனிமவளத் துறைக்கு. 1981-இல் சுவீடன் உதவியோடு வந்த சமூகக் காடுகள் திட்டத்தில் உள்வாயில் கருவேலம் நட்டார்கள். அதை வெட்டி ஏலம் விடுவது வனத்துறை. கோடையில் வண்டி கட்டி வண்டல் அள்ளிக் கழனிக்கு அடித்த காலத்தில் தூர்வாரல் என்று தனியாக ஒரு வேலையே தேவைப்படவில்லை. பிறகு அந்த வண்டலுக்கு மாவட்ட அளவில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வட்டாட்சியரே கொடுக்கலாம் என்று 2024-இல் தளர்த்தியதைப் பெரிய சலுகையாக அறிவித்தார்கள். இத்தனையையும் எடுத்துக்கொண்ட பிறகு ஊராருக்கு அக்கறையில்லை என்பது, சாவியை வாங்கிக்கொண்டு வீட்டை ஏன் பூட்டவில்லை என்று கேட்பது போல.

"சரி, ஆக்கிரமித்தவனும் ஊர்க்காரன்தானே?" ஆமாம், மறுக்கவில்லை. ஆனால் ஆக்கிரமிப்பு நிலைத்தது எப்படி? புறம்போக்கில் குடிசை போட்டவருக்கு 'பி மெமோ' என்ற நோட்டீஸ் கொடுத்து அபராதம் வாங்குவார்கள். அந்த ரசீதையே அனுபவப் பாத்தியத்துக்குச் சாட்சியாகப் பத்திரப்படுத்தி, பின்னாளில் பட்டாவுக்கு மனுப் போடுவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழி. ஊர்க்கூட்டம் போட்ட அபராதம் யாருக்கும் பட்டா வாங்கித் தந்ததில்லை. விழுப்புரம் புதிய பேருந்து நிலையமே ஏரிப் பகுதியில் எழுந்ததுதான். பெருமழை பெய்தால் பயணிகள் முழங்கால் தண்ணீரில் நின்று பஸ் ஏறுகிறார்கள். அதை எந்த ஊர்க்கூட்டமும் கட்டவில்லை. மாறாக, விழுப்புரம் வட்டம் காப்பியாம்புலியூரில் ஓடைப் புறம்போக்கை மீட்கத் தொடுத்த வழக்கில்தான், மாநிலம் முழுக்க நீர்நிலைகளைக் கணக்கெடுத்து ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று 2005-இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அதற்குப் பிறகு, 2007-இல்.

அடுத்த வாதம் கனமானது: பழைய ஊர்நிர்வாகம் சாதி நிர்வாகம். இதற்கு மழுப்பலான பதில் எதுவும் என்னிடம் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி ஏரி வாரியப் பெருமை பேசுகிறவர்கள், அந்தச் சபையில் யார் உட்கார முடிந்தது என்பதை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள். பல ஊர்களில் நீர்க்கட்டி தலித் குடும்பம். மதகு அவர் கையில் இருந்தது, கழனி இல்லை. கூட்டத்தில் அவர் நின்றுகொண்டு கேட்பவர். பெண்களுக்கு அந்தக் கூட்டமே கிடையாது. சிவகங்கைப் பக்கத்து ஏரிகளை ஆராய்ந்த டேவிட் மோஸ், ஏரிப் பராமரிப்பு ஊர் அதிகாரத்தோடு எப்படிப் பின்னிக் கிடந்தது என்று விரிவாகவே எழுதியிருக்கிறார்.

ஆனால் ஏரி அரசுக்கு மாறியதும் சாதி கரையேறிப் போய்விட்டதா என்ன? மீன் ஏலத்தில் யார் கை ஓங்குகிறது என்று பார்த்தால் போதும். வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்துப் புதுச்சேரியில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு 84 ஏரிகளைச் சீரமைத்தபோது, ஆயக்கட்டுக்காரர்களோடு நிலமற்றவர்களும் பெண்களும் இடம்பெறும்படி ஏரிச் சங்கங்களை அமைத்தார்கள். சண்டை வராமல் இல்லை. ஆனால் ஏரி என்றால் தண்ணீர் மட்டும் அல்ல. மாட்டுக்குப் புல், விறகு, மீன், கோரை எல்லாம் உண்டு, இவற்றில் நிலமில்லாதவருக்கும் பங்குண்டு என்ற பேச்சு அந்தக் கூட்டங்களுக்குள் வந்தது.

"ஊராரே ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்தை 2017-இல் திரும்பக் கொண்டுவந்தார்களே, என்ன ஆயிற்று?" என்பார்கள். விவசாயிகள் சங்கம் பத்து விழுக்காடு பங்களிக்க வேண்டும், வேலையைச் சங்கமே செய்யும் என்றது திட்டம். பல இடங்களில் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர்களே வேலை எடுத்தார்கள் என்ற புகார் எழுந்தது. இதில் எனக்கு வியப்பில்லை. மதிப்பீடு போடுவது அதிகாரி, அளந்து பில் எழுதுவது அதிகாரி. சங்கத்துக்கு மிஞ்சியது கையெழுத்து மட்டும். குடியின் பெயரால் நடந்த வேறொன்று தோற்றதற்குக் குடியைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

அதிகாரிகள் கையில் இருந்தால் உறுதி என்பவர்கள் தளவானூரை நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே தென்பெண்ணையில் 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு 2020-இல் முடித்த தடுப்பணை 2021 ஜனவரியில் உடைந்தது.

"எல்லாரிடமும் போர் இருக்கு, ஏரி யாருக்கு வேணும்?" என்பது கடைசி வாதம். ஏரி காய்ந்த வருடம் ஆயக்கட்டுக் கிணறுகளை எட்டிப் பார்த்தவர் இதைச் சொல்ல மாட்டார். ஏரி வேண்டாத காலம் வரவும் வராது. 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட மழையை வாங்கிக்கொள்ள இந்த வட்டாரத்தில் ஏரிகளை விட்டால் வேறு இடம் கிடையாது. இந்தப் பக்கத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளின் மிகைநீர் போய்ச் சேருவது கழுவெளி ஈரநிலத்தில். அதை 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள், 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்த்தார்கள். மேலே ஏரிகள் பாழானால் கீழே பலகை மட்டும்தான் நிற்கும்.

அரசு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மதகு கட்டவும் கலங்கலைப் பலப்படுத்தவும் ஊர்க்காசு போதாது. கேட்பது சின்ன விஷயம்: மீன் ஏலப் பணமும் கருவேலம் வெட்டிய பணமும் அந்தந்த ஏரியின் கணக்கிலேயே இருக்கட்டும், அதிலிருந்து நீர்க்கட்டிக்கு மாதச் சம்பளம் போகட்டும், வரவு செலவைக் கிராம சபையில் நிலமற்றவர்கள் முன்னாலும் படிக்கட்டும். அடுத்த மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்க எந்த ஊராட்சிக்கும் தடையில்லை.