வெயில் நம்முடையது, கருவி யாருடையது?



நண்பகலில் பள்ளித் திடலோரக் குழாயைத் திறந்து பாருங்கள். முதலில் வருவது சுடுநீர். வெயிலில் கிடந்த குழாய் காசின்றிச் செய்த வேலை அது. அன்று மாலையே வீட்டில் மின்சாரத்தால் நீரைச் சுடவைத்துக் குளிக்கிறோம். அம்மின்சாரத்திற்காக எரிக்கும் நிலக்கரியில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. கூரைமேல் கொட்டுவதை விடுத்துக் கடல்கடந்து வருவதை எரிப்பதா முன்னேற்றம்?

"சூரிய சுடுநீர்க் கருவி விலை அதிகம், மின்சாரமோ மலிவு" என்பர் சிலர். கணக்கிட்டுப் பார்ப்போமே! 3.5 கிலோவாட் மின்சூடேற்றியில் நால்வர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் நாளுக்கு 2.3 யூனிட், மாதத்திற்கு 70 யூனிட். இந்தச் சேமிப்பைக் கொண்டு பல ஆயிரம் ரிங்கிட் விலையை மீட்கப் பல்லாண்டுகள் ஆகும். உண்மைதான். ஆனால், இதிலிருந்து பெறவேண்டிய முடிவு 'கருவி வேண்டா' என்பதன்று. 'விலையைக் குறை' என்பதே.

எப்படிக் குறைப்பது? நமக்கேற்றதை நாமே செய்வதுதான் வழி. பனி உறையும் நாடுகளுக்கான கருவிகளில் உறைதடுப்பு நீர்மமும் தனிச் சுற்றும் வேண்டும். நமக்கு அவை எதற்கு? இங்கே ஒரு சதுர மீட்டரில் நாள்தோறும் ஏறக்குறைய 4.5 யூனிட் வெயில் விழுகிறது. அதில் பாதியைப் பிடித்தாலே நால்வர் குளியலுக்குப் போதும். கருப்புப் பூசிய செப்புத் தகடு, குழாய்கள், மேலே கண்ணாடி, வெப்பங்காக்கும் தொட்டி, இவ்வளவே கருவி. சூடான நீர் இலேசாகித் தானே மேலேறும். ஆதலால், தொட்டியை மேலே வைத்தால் இறைப்பியும் தேவையில்லை. மழைநாளுக்குச் சிறு மின்சூடேற்றி துணைநிற்கும்.

சிறிய நாட்டால் இயலுமா என்று கேட்பவர்கள் பார்படோசைப் பார்க்கட்டும். மூன்று இலட்சம் மக்கள்கூட இல்லாத கரும்புத் தீவு அது. 1974-இல் உள்ளூர் நிறுவனமொன்று அங்கே இக்கருவிகளைச் செய்யத் தொடங்கியது. அரசு மூலப்பொருள்களுக்கு இறக்குமதி வரியை நீக்கியது. மின்சூடேற்றிகளுக்கு 30 விழுக்காடு வரி விதித்தது. இன்று பல்லாயிரம் வீட்டுக் கூரைகளில் உள்ளூர்க் கருவிகள் நிற்கின்றன.

இங்கே நடந்தது என்ன? 2011-ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வெயிலிலிருந்து எடுக்கும் மின்சாரத்திற்கு விலை கொடுத்தது. வெயிலிலிருந்து எடுக்கும் வெப்பத்தைக் கண்டுகொள்ளவில்லை. கூலிமில் 2008 முதல் சூரியத் தகடுகள் செய்கிறோம். அதுவும் அயல்நாட்டு நிறுவனத்தின் ஆலையில். வீட்டுச் சுடுநீர்க் கருவியை உள்நாட்டில் செய்வோர் இருந்தும், அது பெருந்தொழிலாக வளரவில்லை.

ஆசிரியர் நண்பர்களே, வெப்பம் பற்றிய பாடத்தைக் கரும்பலகையோடு முடிக்காதீர்கள். ஒரு கருப்புக் குழாய்ச் சுருள், ஒரு கண்ணாடி, ஒரு வெப்பமானி போதும். பெற்றோர்களே, குழாய் பொருத்துவதையும் பற்றவைப்பதையும் கற்கும் பிள்ளையைப் 'படிக்காதவன்' என்று தலைகுனிய வைக்காதீர்கள். வரிச்சலுகை கேட்டு அரசின் கதவைத் தட்டுவோம். ஆனால், கதவு திறக்கும் நாளில் பட்டறையில் நிற்க நம் பிள்ளைகள் வேண்டாமா? தொழிலை இழிவென்று விலக்கிவிட்டு, அதன் பயனை மட்டும் பிறரிடம் விலைக்கு வாங்கும் சமுதாயம் என்றும் வாங்கும் சமுதாயமாகவே இருக்கும்.

சிந்திப்போம், செய்து காட்டுவோம்!